ஆறு மணி நேரத்துக்கு ஒரு பேட்டரி

அத்தியாயம் 14

கால்சட்டை வெட்ட வைத்திருந்த பழுப்புக் காகிதத்தில், சாக்கட்டியால் மூன்று எண்களை எழுதிவிட்டு அவற்றையே முறைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி.

ஏழு. நூறு. இருநூற்றைம்பது.

மூன்றும் ஒரே கேள்விக்கு வந்த பதில்கள். படகில் இருக்கும் மீன் டிவிக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வாங்க வேண்டும்?

மீன் டிவி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எங்கே எவ்வளவு ஆழம், எங்கே மீன் கூட்டம் என்று திரையில் படம் போட்டுக் காட்டும் கருவி. அது வந்த நாளிலிருந்து அவள் கணவன் வீட்டு டிவியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன வாரக் கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். மீன் டிவியை இஞ்சின் பேட்டரியிலேயே மாட்டி ஓட்டியதில் பேட்டரி செத்து, இஞ்சின் முனகக்கூட மறுத்து, அண்ணனும் தம்பியும் நடுக்கடலில் மிதந்தார்கள். வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. படகுத்துறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிக்காதவள் ஒருத்திதான். கொழுந்தனின் மனைவி. எட்டு மாத வயிற்றோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அன்றே சொல்லிவிட்டாள்.

"அக்கா, தனி பேட்டரி வாங்கறாங்களாம். எதை வாங்கினாலும் உங்க கையால வாங்குங்க. 'போதும், அனுப்பு'ன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்பதான் அவரைப் படகுல ஏத்துவேன்."

"ஏன்டி, எனக்கு பேட்டரியைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பேச மாட்டீங்க. இந்த வீட்டுல வேற யாருக்கு அது வரும், சொல்லுங்க?"

ஓரகத்தி அப்படிக் கேட்டபிறகு மறுக்க முடியவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று.

நாளை விடிகாலை படகு கிளம்புகிறது. புது பேட்டரிக்கு முழுதாகச் சார்ஜ் ஏற ஆறு மணி நேரம் ஆகும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். கடை மூடுவது ஏழு மணிக்கு. ஆக, மதியம் ஒரு மணிக்குள் எண்ணை முடிவு செய்தாக வேண்டும். இப்போது மணி பத்தரை.

ஏழு என்பது கொழுந்தன் சொன்னது. வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்குப் படகுத்துறையில் 'ரேடியோ' என்று பெயர்.

"ஏழு ஆம்பியர் போதும் அண்ணி. என் சிநேகிதன் படகுல அதான் போட்டிருக்கான். ராஜா மாதிரி ஓடுது."

"அவன் படகுலயும் மீன் டிவி இருக்கா?"

"இல்ல. ரெண்டு பல்பு."

"பல்புக்கும் டிவிக்கும் ஒரே சாப்பாடா?"

"அது... பல்பு கொஞ்சம் பெரிய பல்பு அண்ணி."

நூறு என்பது மாமனாரின் தீர்ப்பு. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் லாரி பேட்டரி ஒன்றுதான் பேட்டரி. மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்.

"நூறு ஆம்பியர். மலை ஏறினாலும் அசையாது."

"மாமா, படகு மலை ஏறாது. முப்பது கிலோவைத் தூக்கி ஒரு ஓரமா வெச்சா சாஞ்சுடும்."

"மறு ஓரத்துல இன்னொண்ணு வை."

இருநூற்றைம்பது அவளே போட்ட கணக்கு. அதனால்தான் அது அதிகம் வலித்தது. மீன் டிவி வந்த அட்டைப்பெட்டியில் 'ஐந்நூறு வாட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் என்று செல்போன் வீடியோவில் ஒரு ஆள் சொன்னான். ஐந்நூறைப் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய நாற்பத்திரண்டு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இருநூற்றைம்பது. அவ்வளவு பேட்டரியை ஏற்றினால் மீனுக்கு இடமிருக்காது. ஆட்களுக்கே இருக்காது.

மூன்று தடவை கணக்கைப் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் தலை கிறுகிறுத்தது.

ஆறு மணி நேரம் என்பது மட்டும் உறுதி. அது கணவன் வாயால் வந்தது. வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தால் எழமாட்டான் என்பதால் 'நங்கூரம்' என்று பெயர் எடுத்தவன்.

"நாலு மணிக்குக் கிளம்பினா பத்து மணிக்குக் கரை. அப்புறம் ஏலம், ஐஸ் பெட்டி, படகு கழுவறது, வலை பிரிக்கறது. மூணு மணிக்கு வீடு. இது தெரியாதா உனக்கு?"

தெரியும். எட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போன பட்டியல். ஆனாலும் அளவெடுக்கும் பழக்கம் போகுமா? யார் சொல்லும் அளவையும் அவள் அப்படியே எழுதிக்கொள்வதில்லை. இடுப்பு முப்பத்திரண்டு என்று வருபவர்களில் பாதிப் பேர் முப்பத்தாறு. மென்மையாகச் சிரித்து, நாடாவை எடுத்துச் சுற்றித்தான் பார்ப்பாள்.

"தம்பி, ஆறு மணி நேரம்தானே?" என்று கொழுந்தனைப் பார்த்துக் கேட்டாள்.

ரேடியோ நின்றுபோனது.

"அண்ணன்தான் சொல்லிட்டாரே" என்று செருப்பைத் தேடினான். செருப்பு அவன் காலிலேயே இருந்தது.

அவள் அதைக் கவனித்தாள். ஆனால் என்னவென்று புரியவில்லை. அலமாரிக்குள் இருந்த மீன் டிவியைத் துணிப்பையில் போட்டாள். திருட்டுக்குப் பயந்து தினமும் அதைப் படகிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது கணவனின் வழக்கம்.

நங்கூரம் சட்டென்று தலையைத் தூக்கினான். "அதை எதுக்குத் தூக்கிட்டுப் போற? அட்டைப்பெட்டியைக் காட்டினா போதாதா?"

"ஆளைப் பார்க்காம சட்டை தைக்கச் சொல்றீங்களா?"

"பத்திரம். எந்தப் பட்டனையும் அழுத்தாதே. அழிஞ்சுடும்."

"என்ன அழியும்?"

"எல்லாந்தான்" என்றான். வலையில் இல்லாத கிழிசல் ஒன்றைத் தேட ஆரம்பித்தான்.

*

பேட்டரிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். கடை முழுக்க அமில வாசனை. சுவரோரம் சின்னதிலிருந்து பெரியதுவரை பேட்டரிகள், பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தன.

அவள் பழுப்புக் காகிதத்தை விரித்தாள். அவர் மூன்று எண்களையும் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இது மூணு படகுக்கா?"

"ஒரே படகுக்கு அண்ணா. மூணு தலைக்கு."

"இருநூத்தம்பது யாரோடது?"

"என்னோடது" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "பெட்டியில ஐந்நூறு வாட்டுன்னு போட்டிருந்ததே."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"அந்த ஐந்நூறு இது சாப்பிடற சாப்பாடு இல்லம்மா. கத்தற கத்து. தண்ணிக்குள்ள ஒரு கத்துக் கத்தி, எதிரொலி வர்ற வரைக்கும் வாயை மூடிக்கும். கத்தறது கண் சிமிட்டற நேரத்துல நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. எவ்வளவு சாப்பிடுதுன்னு நேராவே பார்த்துடலாம், கொடுங்க."

மீன் டிவியை மேஜையில் வைத்து, ஒரு பேட்டரியோடு இணைத்து, ஒயரில் மீட்டரைக் கவ்வ வைத்தார். திரை நீலமாக விழித்தது.

"பாருங்க. ஒரு ஆம்பியர்கூட இல்ல. பூஜ்யம் புள்ளி ஒம்பது. எத்தனை மணி நேரம் ஓடும்?"

"ஆறு."

"ஆறு தடவை பூஜ்யம் புள்ளி ஒம்பது, அஞ்சே முக்கால்கூட வராது. அஞ்சரைன்னு வெச்சுக்குவோம்."

"அப்ப ஏழு போதுமே! என் கொழுந்தன் சொன்னது சரியா?" தன்னையறியாமல் அவள் குரலில் ஏமாற்றம் தொனித்தது.

"போதாது. இது ஈயப் பேட்டரி. ஏழுன்னா ஏழையும் எடுத்துடக் கூடாது. பாதியோட நிறுத்தணும். பாதிக்குக் கீழ இறக்க இறக்க ஆயுசு குறையும், திரையும் மங்கும். லித்தியம்னா கிட்டத்தட்ட முழுசையும் எடுக்கலாம், எடையும் கம்மி. ஆனா இப்ப கடையில இல்ல. வர நாலு நாள் ஆகும்."

"நாளைக்கு விடிகாலை படகு போவுது."

"அப்ப ஈயம்தான். அஞ்சரையை ரெண்டால பெருக்குங்க."

"பதினொண்ணு."

"பன்னெண்டு ஆம்பியர் பேட்டரி இருக்கு. நாலு கிலோ. கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டுப் போகலாம்."

அவளுக்கு மூச்சு வந்தது. உடம்பு அளவு ஒன்று, வெட்டுகிற அளவு ஒன்று; மடிப்புக்கும் அசைவுக்கும் துணி விடாமல் யார் வெட்டுவார்கள்? இதுவும் அதேதான். இதைத்தான் இத்தனை நாளாக எல்லாரும் மந்திரம் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்களா? சாக்கட்டியை எடுத்து மூன்று எண்களையும் அடித்துவிட்டு, பன்னிரண்டு என்று பெரிதாக எழுதினாள்.

கடைக்காரர் பேட்டரியை எடுக்கக் கையை நீட்டியவர், பாதியில் நின்றார்.

"ஆமா, போன வாரம் இஞ்சின் பேட்டரி செத்துடுச்சாமே. அது எத்தனை ஆம்பியர்?"

"எண்பது."

"எண்பதா?" கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "எண்பதுல அஞ்சரை போனா, யானை காதுல எறும்பு கடிச்ச மாதிரி. அதுக்காக இஞ்சின் கிளம்பாமப் போகாதே."

"பழைய பேட்டரி அண்ணா."

"பழசாவே இருக்கட்டும். இஞ்சின் ஓடினா அது தானா திரும்ப சார்ஜ் ஏத்திக்கும். ரொம்ப நேரம் இஞ்சினை அணைச்சுப்போட்டு, இது மட்டும் ஓடியிருக்கணும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. தினமும்."

அவர் ஏதோ பட்டனை அழுத்தினார். அழுத்தாதே என்று கணவன் சொன்னது அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

திரையில் ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, கிளம்பிய மணி, ஓடிய நேரம்.

"அம்மா, ஆறுன்னு யாரு சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர்."

"மெஷின் வேற சொல்லுதே." திரையை அவள் பக்கம் திருப்பினார்.

பத்து மணி ஐம்பது நிமிடம். பதினொரு மணி பத்து நிமிடம். பதினொரு மணி இருபது நிமிடம். ஆறு என்று ஒரு வரிகூட இல்லை.

"கரைக்கு வந்தப்புறம் அணைக்க மறந்திருப்பாங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அது பிடித்திருந்தது. மறதி என்றால் திட்டிவிட்டு மறந்துவிடலாம்.

"படகுத்துறையில தண்ணி எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"ரெண்டு ஆள் உயரம். மூணு மீட்டர் இருக்குமா?"

அவர் ஒரு பயணத்தைத் திறந்தார். கடலின் அடித்தளம் ஒரு கோடாக ஓடியது. ஏறியது, இறங்கியது, மேலே புள்ளி புள்ளியாக மீன்கள். காலை ஒன்பதரைக்குப் பிறகு கோடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பத்தொன்பது மீட்டர். பத்து மணிக்கும் பத்தொன்பது. பன்னிரண்டுக்கும் பத்தொன்பது. ஒரு மணிக்கும்.

"கரையில இல்லம்மா. கடல்லதான் நிக்கறாங்க. ஒரே இடத்துல, நாலு மணி நேரம்."

"மீன் பிடிக்கறாங்களோ?"

"மீன் எங்க இருக்கு இதுல?"

புள்ளிகளே இல்லை. அடியில் ஒரு மேடு மட்டும் இருந்தது. அடுத்த பயணத்தைத் திறந்தார். அதே ஆழம், அதே மேடு. அதற்கடுத்ததிலும்.

அவள் குனிந்து பார்த்தாள். இருபது வருஷம் துணியில் கோடு போட்ட கண். பாறை என்றால் ஓரம் பிசிறடிக்கும். இது ஒரு பக்கம் கத்தரியால் வெட்டியது போல நேராக இறங்கியது.

"இது என்ன அண்ணா?"

"பேட்டரியைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்று கடைக்காரர் மீன் டிவியை மெல்ல அணைத்தார். வீட்டு விஷயம் என்று அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. கணவனைப் போனில் அழைத்தாள்.

"ஏங்க, கடையில கேக்கறாங்க. ஒரு தடவை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எத்தனை மணி நேரம்?"

"ஆறுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கூடக் குறைய?"

"கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

யாராவது சொல்ல என்ன இருக்கிறது? அதைத்தான் அவளால் கேட்க முடியவில்லை. போனை வைத்தாள்.

மணி ஒன்றாக ஐந்து நிமிடம்.

பன்னிரண்டை வாங்கிக்கொண்டு போனால் அவன் சொன்ன பொய்க்குப் பொருத்தமான பேட்டரி. ஆறு மணி நேரம் தாங்கும். எட்டாவது மணியில் திரை மங்கும்போது என்ன செய்வான்? மறுபடி ஒயரைப் பிடுங்கி இஞ்சின் பேட்டரியில் மாட்டுவான். மறுபடி நடுக்கடல். இந்தத் தடவை இழுத்துவர யாரும் அந்தப் பக்கம் வராமல் போனால்? எட்டு மாத வயிற்றோடு சுவரைப் பிடித்து நிற்பவளுக்கு 'போதும், அனுப்பு' என்று சொன்ன வாய் எது?

"பதினொரு மணி நேரத்துக்கு என்ன வேணும்?" என்றாள்.

"பத்து ஆம்பியர் சாப்பிடும். ரெண்டு மடங்கு இருபது. பதினெட்டு பத்தாது. அடுத்தது இருபத்தாறு. பதினாலு மணி நேரம் வரைக்கும் தைரியமா ஓட்டலாம். ஒம்பது கிலோ."

"அதைச் சார்ஜ்ல போடுங்க."

*

ஏழு மணிக்குப் பேட்டரியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமனார் நாற்காலியில் இருந்தபடியே அதை எடை போட்டார்.

"இது ஸ்கூட்டருக்கா?"

"மீன் டிவிக்கு மாமா."

"என் லாரி ஹாரன்கூட இதுல அடிக்காது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மேஜையில் 'டொம்' என்று வைத்தாள். கணவனும் கொழுந்தனும் பேட்டரியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆறு மணி நேரத்துக்கு இவ்வளவு பெரிசா?" என்றான் கணவன்.

"ஆறு மணி நேரத்துக்குப் பன்னெண்டு போதும். இது பதினொரு மணி நேரத்துக்கு."

 

"அண்ணி, அது என்னன்னா..." என்று ஆரம்பித்தான் ரேடியோ.

"நீ வாயை மூடு" என்றான் அண்ணன். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. எட்டு வருஷத்தில் அவள் அந்தக் குரலில் அதைக் கேட்டதில்லை.

"பத்தொம்பது மீட்டர் ஆழத்துல என்ன இருக்கு?"

"பட்டனை அழுத்தாதேன்னு சொன்னேனே."

"நான் அழுத்தல. என்ன இருக்கு?"

"என்ன பார்த்தே?"

"ஒரு கோடு. ஒரு மேடு. ஒரு பக்கம் நேரா இறங்குது. எனக்கு ஒண்ணும் புரியல. புரியற மாதிரி சொல்ல இந்த வீட்டுல ஆளும் இல்ல."

"புரியாமலே இருக்கட்டும். உனக்கு நல்லது."

"எனக்கா, உங்களுக்கா?"

அவன் உள்ளங்கையைப் பேட்டரியின் மேல் வைத்தான், காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு தம்பியிடம் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னான்.

"நாளைக்குப் பதினொண்ணு பத்தாது."

"எவ்வளவு வேணும்?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "பதினாலு மணி நேரம் தாங்குமாம். அதுக்கும் மேலயா?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மனம் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. பதினைந்து என்றால்? பதினெட்டு என்றால்? எத்தனையால் பெருக்குவது என்று தெரிந்துவிட்டது. எதைப் பெருக்குவது என்று தெரியவில்லை.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஓரகத்தி நின்றாள். மூச்சு வாங்கியது. முகத்தில் சிரிப்பு.

"பேட்டரி வந்துடுச்சாமே அக்கா! நல்லதா பார்த்து வாங்கினீங்களா? போதும்ல? அனுப்பட்டுமா?"

கணவன் அவளைப் பார்த்தான். 'போதும்னு சொல்லிடு' என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் ஓரகத்தி இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவாள்.

"நல்ல பேட்டரிதான்" என்றாள். "போதுமான்னு எனக்குத் தெரியல. அதனால நாளைக்கு உன் வீட்டுக்காரரை அனுப்ப வேண்டாம்."

ஓரகத்தியின் சிரிப்பு கலைந்தது. "தனியா அத்தான் மட்டும் எப்படிப் போவாரு?"

"தனியா இல்ல. தம்பிக்குப் பதிலா நான் போறேன்."

"வேண்டாம்!"

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கத்தினார்கள்.

கடல் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் வந்து நிற்பார்கள் என்று சொல்லவில்லை. நீ வந்து என்ன செய்யப்போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. காரணமே இல்லாத வெறும் வேண்டாம். காலையிலிருந்து அவள் கேட்ட பேச்சிலேயே அந்த ஒன்றில்தான் பொய் இல்லை.

அவள் பேட்டரியை மறுபடி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்குத்தானே கிளம்பறோம்?" என்றாள்.